பனிக்கும் உப்புக்கும் நடுவே ஒரு சுபாரு அவுட்பாக்

ஒன்ராறியோவில் ஹன்ற்ஸ்வில் என்ற சிறு நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி நான். டுவைற், டோர்செற், பேஸ்வில், கியேர்னி என்று ஒவ்வொரு நாளும் வேறு வேறு திசை. காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டிய நாளை வானிலை அறிக்கை பார்த்துத் தள்ளிவைக்க முடியாது. ஆகவே நான் ஒரு காரை அளப்பது ஒரே கேள்வியை வைத்துத்தான்: சனவரி மாதக் காலை ஆறரை மணிக்கு, இன்னும் பனி வழிக்காத றோட்டின் கடைசி வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்து, திரும்பவும் கொண்டுவந்து விடுமா?

என்னிடம் இருப்பது 2018 ஆம் ஆண்டுச் சுபாரு அவுட்பாக். 2.5 லீற்றர் எஞ்சின், ரூறிங் ரகம். பாவித்த காராகத்தான் வாங்கினேன். கேள்விக்கு என் பதில், சேர்க்கும். ஆனால் அதற்கான புகழில் பாதியைத்தான் காருக்குக் கொடுப்பேன். மற்றப் பாதி ரயருக்கும், வருடா வருடம் காரின் அடியில் அடிக்கும் துருத்தடுப்பு ஒயிலுக்கும் போக வேண்டும்.

ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் சனம் இந்தக் காரைப் பார்த்தால் கொஞ்சம் குழம்பும். "பிள்ளை, உது காரோ ஜீப்போ?" என்று மாமா கேட்டார். ஊரில் ஓடிய ஏ.டி. வாகன், கல்டினா எல்லாம் ஞாபகம் இருக்கா மாமா, பின்பக்கம் நீண்ட அதே வாகன் இனந்தான், கொஞ்சம் உயர்த்தி நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்திருக்கிறாங்கள் என்றேன். உடனே விளங்கிக்கொண்டார். நீளம் 4.8 மீற்றருக்குச் சற்று மேல். உயரம் 1.68 மீற்றர்தான். ஆனால் அடிப்பகுதிக்கும் நிலத்துக்கும் இடையில் 220 மில்லிமீற்றர் இருக்கிறது. பார்வைக்கு இதைவிடப் பெரிதாகத் தெரியும் பல எஸ்யூவிகளுக்கு அவ்வளவு இல்லை.

எங்கள் பக்கத்துப் பனியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் காரைப் பற்றிச் சொல்ல முடியாது. மேற்கே ஜோர்ஜியன் விரிகுடா. தண்ணீர் இன்னும் உறையாத நவம்பர், டிசம்பர் மாதங்களில் குளிர்காற்று அதன் மேலாக வரும்போது ஈரத்தை அள்ளிவந்து எங்கள் தலையில் கொட்டும். ரொறன்ரோவில் வெறும் தூறல் விழும் நாளில் பாரி நகரிலிருந்து வடக்கே முன்னால் போகும் லொறியின் பின்விளக்கே தெரியாது. 11 ஆம் இலக்க நெடுஞ்சாலையை வழித்துவிடுவார்கள், அது பிரச்சினையில்லை. அதிலிருந்து விலகி, ஏரிக்கரைக் குடில்களுக்குப் போகும் தனியார் பாதைகளில்தான் காரின் குணம் தெரியும். அவற்றை வழிப்பது யாராவது பக்கத்து வீட்டுக்காரர். அவர் எழும்பும் நேரத்துக்குத்தான் பாதை திறக்கும்.

நான் முன்பு ஓடியது முன்சில்லு இழுக்கும் ஒரு மினிவான். நல்ல வாகனம், நேர் றோட்டில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஏற்றமான வாசல் பாதையில் முன்சில்லு இரண்டும் சுழன்று பனியைப் பளிங்காக்கிவிடும். பிறகு கீழே நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அவுட்பாக் அதே ஏற்றத்தில் சத்தமில்லாமல் ஏறுகிறது. இதன் நாலு சில்லு இழுவை, முன்சில்லு வழுக்கிய பிறகு பின்சில்லைத் துணைக்குக் கூப்பிடும் வகை அல்ல. சாதாரண ஓட்டத்திலேயே ஏறக்குறைய 60 வீதம் முன்னுக்கும் 40 வீதம் பின்னுக்கும் போகிறது. கியர்ப்பெட்டியின் பின்பக்கத்தில் தட்டுத் தட்டாக அடுக்கிய ஒரு கிளச் இருக்கிறது. நீங்கள் அக்சிலேற்றரை மிதிக்கும் அளவையும் ஸ்ரியரிங்கின் திருப்பத்தையும் பார்த்துக் கணினி அதை இறுக்கியும் தளர்த்தியும் பங்கை மாற்றும். வழுக்கல் தொடங்கும் முன்பே பின்சில்லு வேலையில் இருப்பதால், கார் தடுமாறித் தெளிவதை நான் உணர்வதே குறைவு.

எக்ஸ் மோட் என்று ஒரு பொத்தானும் உண்டு. மணிக்கு 40 கிலோமீற்றருக்குக் கீழேதான் வேலை செய்யும். அக்சிலேற்றரை மென்மையாக்கி, சுழலும் சில்லைப் பிறேக் பிடித்து, பிடிப்புள்ள சில்லுக்கு இழுவையை அனுப்பும். இறக்கத்தில் தானே மெதுவாக இறக்கிக்கொண்டும் போகும். எனக்கு இது பனியைவிட ஏப்ரல் மாதச் சேற்றில்தான் அதிகம் உதவியிருக்கிறது. நிலம் மேலே இளகி, அடியில் உறைந்தபடி இருக்கும் அந்த வாரங்களில் மண்பாதைகள் களியாகிவிடும். பாரமான லொறிகள் வரக்கூடாது என்று பலகை போடுவார்கள். அந்தக் களிக்குள் பொத்தானை அமர்த்திவிட்டு, அக்சிலேற்றரைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தால் போதும்.

இனி ரயர். இதை வாசிக்கிற எல்லாரிடமும் கையைப் பிடித்துக் கெஞ்சிச் சொல்லக்கூடிய விஷயம் இதுதான். நாலு சில்லும் இழுப்பது காரைப் புறப்பட வைக்கும். நிறுத்துவதற்கு அதனால் ஒரு உதவியும் இல்லை. எந்தக் காருக்கும் நாலு சில்லிலும் பிறேக் இருக்கிறது, பனியில் எல்லாம் ஒரே மாதிரித்தான் வழுக்கும். 'நாலு சில்லு இழுவை இருக்கிறதே, வின்ரர் ரயர் எதற்கு' என்று நினைத்து வேகமாகப் புறப்பட்டவர்களின் வாகனங்களை 11 ஆம் இலக்கத்தின் ஓரக் குழிகளில் ஒவ்வொரு டிசம்பரிலும் காண்கிறேன். பெரும்பாலும் பெரிய, விலை கூடிய வாகனங்கள்.

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் கோடைக்கால ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயர் கடும் குளிரிலும் மெதுமையாக இருக்கும்படி செய்தது. பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துளிப் பூவும் பொறித்திருக்க வேண்டும், அதுதான் அடையாளம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டக் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 இலிருந்து காப்புறுதிக் கம்பனிகள் இதற்குத் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள், தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

வின்ரர் ரயரைத் தனி றிம்மில் போட்டு வைத்திருக்கிறேன். 225/65, 17 இஞ்சி. பழைய அவுட்பாக்கின் றிம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். 2014 வரை வந்தவற்றில் ஐந்து ஆணிகளின் வட்டம் 100 மில்லிமீற்றர், 2015 இலிருந்து 114.3. ஏறாது.

இன்னொன்று, இந்தக் காரின் செலவுக் கணக்கில் பலர் கவனிக்காதது. நாலு ரயரும் ஒரே ரகமாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும். ஒரு முறை பக்கவாட்டில் கிழிந்து ஒரு ரயர் போய்விட்டது. ஒரு ரயர்க் கடையில், "ஒண்டை மட்டும் புதுசாப் போடுவம் அக்கா, ஏன் வீண் காசு" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. புது ரயரின் சுற்றளவு கூட, அதனால் அது மெதுவாகச் சுழலும். கார் இதைத் தொடர்ந்து வழுக்கலாகவே எடுத்துக்கொண்டு அந்தத் தட்டு கிளச்சை ஓயாமல் உரசவிடும். சூடேறித் தேய்ந்தால் வரும் செலவோடு ஒப்பிட்டால் நாலு ரயரின் விலை ஒன்றுமேயில்லை. நான் நாலையும் மாற்றினேன். மிஞ்சிய நல்ல மூன்றையும் அதே அளவு ரயர் ஓடுகிற ஒருவர் மகிழ்ச்சியோடு வாங்கிப் போனார். சில்லுகளை இடம் மாற்றிப் போடுவதையும் தவறவிடுவதில்லை.

எஸ்யூவி வாங்காமல் ஏன் இந்தப் பதிந்த உடம்பு என்று கேட்பவர்களுக்கு என் பின்பக்கத்தைத் திறந்து காட்டுவேன். இருக்கைகளுக்குப் பின்னால் ஏறக்குறைய 1,000 லீற்றர் இடம், மடித்துவிட்டால் 2,000 லீற்றருக்கு மேல். அளவைவிட முக்கியமானது, அந்த இடம் காரின் உட்புறத்தோடு ஒன்றாக இருப்பது. செடான் காரின் டிக்கி தனி அறை. வெளியே மைனஸ் 25 என்றால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதுதான். பிக்கப் ட்றக்கின் பின்பக்கத்தைக் கேட்கவே வேண்டாம். நான் காவுவது சேலைன், கட்டுத்துணி, பிசின் தடவிய பட்டைகள், மருந்து ஏற்றும் பம்ப். சேலைன் உறைந்தால் எறிய வேண்டியதுதான். பட்டைகள் குளிர்ந்தால் தோலில் ஒட்டாது. வாகனில் ஹீற்றர் போட்டால் பின்பக்கமும் சூடாகிறது. இதை எந்த விளம்பரத்திலும் கண்டதில்லை, என் வேலைக்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது, உயரம். கூரையில் விழுந்த பனியைக் குட்டையான நான் ஏணியில்லாமல் தட்டிவிட முடிகிறது. பின்கதவின் வாசல் தாழ்வாக இருப்பதால் பாரத்தை நெஞ்சுக்குத் தூக்க வேண்டியதில்லை. முழங்கால் வருத்தக்காரியான அம்மாவுக்கு இதில் மேலே ஏறவும் வேண்டாம், கீழே இறங்கவும் வேண்டாம். அப்படியே திரும்பி இருந்துவிடுகிறார். விடுமுறைக்கு ஸ்காபரோ போய்த் திரும்பும்போது அரிசி மூட்டைகள், முருங்கைக்காய், மீன் பெட்டி, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் வாங்கிய பூ என்று எல்லாம் ஏற்றி, மேலே அம்மாவின் நடைவண்டியையும் வைத்துவிடலாம். கூரைத் தண்டவாளத்துக்குள் குறுக்குச் சட்டங்கள் மடிந்து ஒளிந்திருக்கின்றன. தேவைப்பட்டால் திருப்பிப் பூட்டலாம், தேவையில்லாதபோது காற்றை இழுத்துச் சத்தம் போடாது.

இந்த இனம் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. வடகிழக்கு ஜப்பானின் தொஹோகு மின்சாரக் கம்பனி, பனிக்காலத்தில் மலைப்பக்கத்து மின்கம்பிகளைப் பார்க்கப் போகும் தன் ஆட்களுக்கு, ஜீப்பைவிட வசதியான, சூடான ஒரு வாகனம் வேண்டும் என்று கேட்டது. அதிலிருந்து வளர்ந்துதான் 1972 இல் சுபாருவின் லியோனி எஸ்ரேற் நாலு சில்லு இழுவையோடு சந்தைக்கு வந்தது. வீட்டுக்கு வீடு வெளிச்சம் போக வேண்டும் என்பதற்காகப் பனியில் போனவர்களுக்குச் செய்த கார். தொண்ணூறுகளின் நடுவில் லெகசி வாகனை உயர்த்தி அவுட்பாக் என்று பெயர் வைத்தார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். 2.5 எஞ்சினின் 175 குதிரைவலு இந்தப் பாரத்துக்குப் போதும் என்றுதான் சொல்லலாம், தாராளம் என்று சொல்ல முடியாது. 400 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறும்போது அழுத்தி மிதித்தால், கியர் படிகள் இல்லாத சிவிரி கியர்ப்பெட்டி எஞ்சினை ஒரே சுருதியில் முனகவைக்கும். வேகம் பிறகுதான் வரும். அவசரக்காரருக்குப் பிடிக்காது. ஆறு சிலிண்டர் 3.6 எஞ்சினும் இருந்தது, அது காஸை, அதாவது பெற்றோலைக் குடிக்கும். 2020 இலிருந்து 2.4 ரேர்போ எஞ்சின் வருகிறது. நடுத்திரை மெதுவானது, கையுறையோடு தொட்டால் கேட்காது. அதைப் பற்றி வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஐசைற் என்ற பாதுகாப்பு முறை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முன்கண்ணாடியின் மேல்பகுதியில் இரண்டு கமராக்கள் மனிதக் கண்கள் மாதிரி தூரத்தை அளந்து, முன்னால் வாகனம் நின்றால் தானே பிறேக் பிடிக்கும். நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வாகனத்தின் வேகத்துக்குத் தன்னைச் சரிசெய்யும். நீண்ட இரவுப் பணி முடிந்து வரும்போது இது பெரிய துணை. ஆனால் கடும் பனி கொட்டினால் கமராவுக்குக் கண் தெரியாது. எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு வேலையை நிறுத்திவிடும். மிக வேண்டிய நேரத்தில் இல்லை என்று கோபப்படுவதை விட, அந்த விளக்கு வந்தால் எனக்கும் கண் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பதுதான் என் வழக்கம். மிருகங்களுக்கு இதை நம்பவே கூடாது. 60 ஆம் இலக்க வீதியில் அல்கொன்கின் பூங்காப் பக்கம் மூஸ் மான்கள் உப்புத் தண்ணீர் குடிக்க றோட்டுக்கே வரும். நீண்ட கால், கறுத்த உடம்பு. இரவில் மனிதக் கண்ணுக்கே தாமதமாகத்தான் தெரியும்.

கமரா கண்ணாடியோடு இருப்பதால் வேறொரு செலவும் உண்டு. இங்கே உப்போடு மணலும் தூவுவார்கள். லொறிச் சில்லில் தெறித்து வரும் ஒரு கல் போதும். கண்ணாடி மாற்றினால் கமராக்களைத் திரும்ப அளந்து சரிப்படுத்த வேண்டும், அதற்குத் தனிக் கூலி. காப்புறுதியில் கண்ணாடிக்கான பாதுகாப்பு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

ஓட்டச் செலவு. சாதாரண 87 காஸ் போதும். கோடையில் நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றருக்கு ஏழரை லீற்றர் அளவில் வரும். குளிர்காலத்தில், குறுகிய தூரங்களில், காரைச் சூடாக்கிச் சூடாக்கி ஓடினால் பத்தைத் தாண்டிவிடும். 70 லீற்றர் தாங்கி என்பதால் அடிக்கடி நிரப்ப வேண்டியதில்லை, நான் பனிக்காலத்தில் பாதிக்குக் கீழே விடுவதும் இல்லை. நெடுஞ்சாலையை மூடிவிட்டால் காருக்குள் ஹீற்றரோடு காத்திருக்க வேண்டி வரலாம். இரவில் எஞ்சின் சூடாக்கியைச் சுவர் மின்சாரத்தில் செருகிவிட்டால் காலையில் நீல நிற வெப்ப விளக்கு சீக்கிரம் அணையும், கண்ணாடி சீக்கிரம் தெளியும்.

எஞ்சின் ஒயில் 0டபிள்யூ-20 செயற்கை ஒயில். பில்ரர் எஞ்சினின் மேலேயே இருக்கிறது, பொனற்றைத் திறந்தால் கையில் எட்டும். அதற்கு எதிர்மாறு ஸ்பார்க் பிளக். பொக்ஸர் என்ற இந்த எஞ்சினின் சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருப்பதால் பிளக்குகள் இரு பக்கச் சட்டங்களை ஒட்டி மறைந்திருக்கும், மாற்றக் கூலி அதிகம் கேட்பார்கள், அது நியாயமானதே. எஞ்சின் படுத்திருப்பதன் நன்மை வளைவில் தெரியும். பாரம் தாழ இருப்பதால் இவ்வளவு உயர்த்திய கார் அந்த அளவுக்குச் சரிவதில்லை. முன்னும் பின்னும் இடது வலது சில்லுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் டிபரென்ஷலுக்குத் தனி ஒயில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள், முன்சில்லுக் கார் வைத்திருந்தவர்களுக்கு அந்த நினைப்பே வராது. சிவிரி ஒயிலைப் பற்றி வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். ஏற்றம், பாரம், குளிர் மூன்றும் உள்ள இடத்தில் நான் அதை ஏற்கவில்லை. என் மெக்கானிக்கும் ஏற்கவில்லை, மாற்றிவிட்டோம்.

எல்லாவற்றையும் விட இந்தக் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது உப்பு. எஞ்சின் நன்றாக இருக்கும்போதே அடிப்பகுதி உக்கி, கார் பழைய இரும்புக்குப் போவதை இந்த ஊரில் சாதாரணமாகக் காணலாம். இப்போது பனிக்கு முன்பே உப்புக் கரைசலையும் றோட்டில் தெளிக்கிறார்கள். அது நீராக எல்லா மூட்டுகளுக்குள்ளும் ஏறும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடியிலும் கதவுகளின் உட்புறத்திலும் துருத்தடுப்பு ஒயில் அடிப்பிக்கிறேன். இருநூறு டொலருக்குள் முடியும். ஒன்றிரண்டு நாள் வாசலில் சொட்டும், மட்டை விரித்துவிடுங்கள். இறுகிப் பூசும் கறுப்புத் தார்ப் பூச்சை நான் விரும்புவதில்லை. அதில் ஒரு வெடிப்பு விழுந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் மறைந்திருந்து தின்னும். பனிக்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே வரும் நாளில் அடியைக் கழுவும் வசதியுள்ள இடத்தில் கழுவுகிறேன்.

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ இருந்துகொண்டு, வழித்த றோட்டில் வேலைக்குப் போய் வருபவருக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. நல்ல வின்ரர் ரயர் போட்ட ஒரு கொறோலா போதும், மிச்சக் காசு கையில் இருக்கும். பாரிக்கு வடக்கே வீடு வாங்கி வரும் எங்கள் பிள்ளைகள் இப்போது கூடிவருகிறார்கள். அவர்களுக்கு மனதார இதைச் சொல்வேன்.

ஆனால் இந்த வடிவம் இனிப் புதிதாகக் கிடைக்காது. 2026 ரகத்தில் அவுட்பாக்கை நிமிர்த்திப் பெட்டி மாதிரி ஓர் எஸ்யூவியாக்கிவிட்டார்கள். வொக்ஸ்வாகன் கோல்வ் ஓல்ற்றக் 2019 ஓடு இங்கே நின்றுவிட்டது. விலை கூடிய சில ஐரோப்பியக் கார்களை விட்டால், நீண்டு தாழ்ந்த வாகன் வேண்டுமென்றால் பாவித்த கார்ச் சந்தைதான். அங்கே பார்க்கும்போது 2012 வரையான 2.5 அவுட்பாக்குகளில் எஞ்சின் தலைப்பகுதியை ஒழுகாமல் அடைக்கும் ஹெட் காஸ்கெற் ஒழுகுவது பற்றி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதற்குப் பின்வந்த எஞ்சினில் ரைமிங் பெல்ற்றுக்குப் பதிலாகச் சங்கிலி. 2015 முதல் 2020 வரையானவற்றில் பற்றரி வடிவது பற்றி அமெரிக்காவில் கூட்டு வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்தது, ஆகவே பற்றரியைச் சோதிப்பியுங்கள். நாலு ரயரின் ஆழத்தையும் நீங்களே அளவுகோல் வைத்துப் பாருங்கள். வேறுபட்டிருந்தால் அந்தத் தட்டு கிளச் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசியுங்கள். வெறுமையான வாகனத் தரிப்பிடத்தில் ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டம் போட்டுப் பாருங்கள், கார் பிடித்துப் பிடித்து விட்டால் விலகுங்கள். கடைசியாக, லிப்ற்றில் தூக்கிப் பின்பக்கச் சட்டத்தையும் பிறேக் குழாய்களையும் ரோச் அடித்துப் பார்க்கக் கேளுங்கள். தூக்கிக் காட்ட மாட்டேன் என்பவரிடம் அந்தக் காரை வாங்க வேண்டாம்.